புழுக்கமும் யாத்திரையும்

ஆனி மாதம் நெருங்கும்போது சென்னை சென்ட்ரல் நிலையத்தில், ஹௌரா மார்க்கமாகச் செல்லும் வண்டிகளின் நடைமேடையில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் தூக்குப் பாத்திரமுமாய்க் காத்திருக்கும் யாத்திரிகர் கூட்டங்களைப் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோர் 60 வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, இனிமேலாவது பூரி ஜகந்நாதரின் ரதோற்சவத்தைச் சேவித்துவிட்டு, கல்கத்தாவில் காளியையும் தரிசித்து, கயையில் பித்ருக் கடனைத் தீர்த்துக் காசியில் ஸ்நானம் செய்துவர வேண்டும் என்று வெகுகாலம் மனத்தில் வைத்திருந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ளப் புறப்பட்டவர்கள். இப்படிப் புறப்படும் கூட்டங்களில், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, யாராவது ஒருவர் விடுதி அறையில் சுருண்டு படுத்துவிடுவது அநேகமாகத் தவறாமல் நடக்கிறது. "தண்ணி ஒத்துக்கலை" என்பார் ஒருவர். "வயசாச்சு, அலைச்சல் தாங்கலை" என்பார் மற்றொருவர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆயினும், கடலோரப் பிரதேசங்களின் புழுக்கத்தில் பிரயாணிகளை வீழ்த்தும் உபாதைகளில் பெரும்பாலானவற்றை ஆராய்ந்து பார்த்தால், சரீரம் தன்னிடமிருந்த நீரையும் உப்பையும் இழந்ததும், இழந்ததைத் திரும்பப் பெறுவதற்கு நாம் அதற்கு வழியோ அவகாசமோ தராததுமே அடியில் இருப்பது தெரியவரும்.

முதலில் இந்த உஷ்ணத்தின் சுபாவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மே மாதத்தில் நாகபுரியில் வெப்பமானி 43 பாகையைக் காட்டும். அதே பருவத்திலும் அதற்கு அடுத்த மாதத்திலும் பூரியில் அது பெரும்பாலும் 33 பாகையை ஒட்டியே நிற்கும். பத்திரிகையில் இந்த இரண்டு எண்களையும் படிக்கிறவர், நாகபுரிக்குப் போவதைவிடப் பூரிக்குப் போவது எவ்வளவோ சௌகரியம் என்றுதான் எண்ணுவார். ஆனால் சரீரம் வெப்பமானியைப் படிப்பதில்லை. தன் வியர்வை காற்றில் உலர்கிறதா இல்லையா என்பது ஒன்றே அதற்கு முக்கியம். சித்திரை வெயிலில் வீட்டு மூலையில் வைத்த மண்பானையில் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும், அதே பானை அடைமழைக் காலத்தில் தண்ணீரை அவ்வளவாகக் குளிர்விக்காததும் நாம் அனைவரும் அறிந்ததே. பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போதுதான் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் கசிந்த நீர் ஆவியாகாமல் வெறுமே வழிந்து தரையில் சேர்கிறது. நம் சருமமும் அவ்விதமே. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தைத் தேகத்திலிருந்து அகற்றிவிடும். அதே ஒரு லிட்டர் முதுகில் வழிந்து வேட்டியை நனைத்துவிட்டுப் போனால், நீரும் உப்பும் நஷ்டமானதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி அளக்கும் அளவை, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலையை, விஞ்ஞானிகள் இதற்காகவே கவனிக்கிறார்கள். 43 பாகை வெயிலும் உலர்ந்த காற்றும் சேர்ந்த நாகபுரிப் பகலில் அது 23 பாகையை ஒட்டி நிற்கும். 33 பாகையும் நூற்றுக்கு 80 ஈரப்பதமும் சேர்ந்த பூரிப் பகலிலோ 30 பாகையை எட்டிவிடும். 35 பாகையை அது தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான மனிதனும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாதென்று 2010ஆம் ஆண்டில் கணித்தார்கள். அதன்பின் மனிதர்களையே ஈரமான அறைகளில் இருத்திச் செய்த பரிசோதனைகள், அந்த எல்லை இன்னும் கீழேயே இருக்கிறதென்று காட்டியிருக்கின்றன. ஆகவே 33 பாகைதானே என்று அலட்சியமாக, ஜகந்நாதர் கோயிலிலிருந்து குண்டிச்சா கோயில் வரை சுமார் மூன்று கிலோமீட்டர் நீளும் அந்தப் பெரிய வீதியில், லட்சக்கணக்கான ஜனங்களின் நடுவே, காற்றும் நுழைய இடமில்லாத நெரிசலில் நடுப்பகலில் நிற்பது சாதாரண விஷயமன்று.

இயற்கை இதற்கும் ஒரு பரிகாரம் வைத்திருக்கிறது. புதிய உஷ்ணத்துக்குள் வந்த மனிதனின் தேகம், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். வியர்வை முன்னைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கும், அதில் கலந்து போகும் உப்பின் அளவு குறையும், இருதயத்தின் படபடப்பு அடங்கும். இந்த மாறுதலின் பெரும்பகுதி முதல் வாரத்திலும் முழுமை இரண்டாவது வாரத்திலும் ஏற்படுகிறது. சென்னைவாசிகளுக்குப் புழுக்கம் புதிதல்லவே என்று கேட்கலாம். வீட்டிலும் காரியாலயத்திலும் காரிலும் குளிர்சாதனத்துக்குள்ளேயே காலம் கழிக்கிறவர், சென்னையில் பிறந்து வளர்ந்தவராயினும், இந்த விஷயத்தில் உதகமண்டலத்திலிருந்து இறங்கி வந்தவருக்கு அதிக தூரத்தில் இல்லை. பழக்கம் ஏற்படுவதற்கு ஒரு வாரம் வேண்டியிருக்க, எட்டே நாளில் பத்து க்ஷேத்திரங்களைக் காட்டி முடித்துவிடுவதாக விளம்பரம் செய்யும் யாத்திரை ஏற்பாட்டாளர்களை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இதுதான்: முதல் இரண்டு நாட்களில் மட்டுமாவது, காலை பத்து மணிக்கு மேல் மாலை நான்கு மணி வரை கிழவர்களை வெளியே அழைத்துச் செல்லாதீர்கள், ஒரு கோயில் குறைந்தால் குறையட்டும்.

புழுக்கத்தால் வரும் உபாதைகள் படிப்படியாக வருகின்றன. வேர்க்குருவும், முதல் சில நாட்களில் கணுக்காலில் தோன்றும் லேசான வீக்கமும் தாமே சரியாகிவிடும். வரிசையில் வெகுநேரம் நின்றவர் கண் இருண்டு சாய்ந்தால், நிழலில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி வைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். கெண்டைக்காலில் பிடிப்பு, தலைவலி, குமட்டல், சோர்வு எல்லாம் சேர்ந்தால் அது எச்சரிக்கை. அன்றைய நடையை அத்துடன் நிறுத்தி, உப்புச் சேர்த்த பானம் கொடுத்து, காற்றோட்டத்தில் இருத்த வேண்டும். ஆனால் வெயிலில் நின்ற ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தடுமாறினாலோ, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் விழித்தாலோ, அது சன் ஸ்ட்ரோக் என்றே கொள்ள வேண்டும். உள்ளுடலின் வெப்பம் 40 பாகையைத் தாண்டிவிட்ட நிலை அது. சருமம் உலர்ந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, வியர்வை வழிந்துகொண்டிருக்கும்போதே இது வரக்கூடும். 108க்குச் சொல்லியனுப்பிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல், உடம்பு முழுவதும் தண்ணீரை ஊற்றி விடாமல் விசிற வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்க வேண்டும். முதல் அரைமணி நேரத்தில் செய்யும் இந்தச் சிசுருஷைதான் உயிரைக் காக்கும். ஜுரம் என்று நினைத்துப் பாரசிட்டமால் கொடுப்பதால் பயனில்லை. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றுவதோ மூச்சுக்குழலில் போய் ஆபத்தையே விளைவிக்கும்.

இவ்வளவையும் தடுக்க வல்லது தண்ணீர் என்பதை அறியாதவர் இல்லை. அறிந்தும் குடிக்காமல் இருக்கிறார்களே, அதற்கான காரணத்தைப் பற்றிப் பேசுவாரைத்தான் காணோம். பூரியிலிருந்து கோனார்க்குக்குச் செல்லும் கடற்கரைச் சாலை 35 கிலோமீட்டர்; சவுக்குத் தோப்புகளின் ஊடே போகும் அழகான சாலை. அதில் ஒரு யாத்திரை பஸ்ஸில், வழிநடத்தும் இளைஞர் ஒவ்வொரு இருக்கையாகத் தண்ணீர்ப் புட்டியை நீட்டிக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் இருந்த மூதாட்டி முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டே, வேண்டாம் என்று கையசைத்தார். "குடிங்கம்மா, உதடெல்லாம் வறண்டு கிடக்கு" என்றார் இளைஞர். "குடிச்சா அப்புறம் எங்கே போறது தம்பி? போய்ச் சேந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அவர். பக்கத்து இருக்கைப் பெண்மணியும் புட்டியை வாங்கி, மூடியைத் திறந்து உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பித் தந்தார். அந்த பஸ்ஸில் ஆண்கள் எல்லோரும் தாராளமாகக் குடித்தார்கள்.

நம் நாட்டில் பிரயாணம் செய்யும் ஸ்திரீகளில் எத்தனையோ பேர், விடியற்காலையில் ஒரு வாய்க் காபியோடு நிறுத்திக்கொண்டு, மாலையில் விடுதிக்குத் திரும்பும்வரை தாகத்தை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். வழியில் சுத்தமான கழிப்பறை இராது, இருந்தாலும் கதவில் தாழ்ப்பாள் இராது, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்க நாணம். அதன் விளைவு நீர்க்கடுப்பும் சிறுநீர்த்தாரையில் எரிச்சலும் அதைத் தொடர்ந்து குளிர்ஜுரமும். முதியவர்களுக்கோ அது மயக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. இரத்த அழுத்தத்துக்காக நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் நிலை இன்னும் மோசம். புறப்படுவதற்கு முன்பே தம் வைத்தியரிடம், இந்த உஷ்ணத்தில் அந்த மாத்திரையை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, யாரும் கேட்காமலே, நல்ல கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துகிற ஏற்பாட்டாளர், மருந்துப் பெட்டி நிறைய மாத்திரை எடுத்து வருகிறவரைவிடப் பெரிய உபகாரி என்பது என் திடமான அபிப்பிராயம். சிறுநீர் வெளிறிய நிறத்தில் போனால் நீர் போதுமென்று பொருள். மஞ்சள் அடர்ந்து குறைவாகப் போனால், தாகம் இல்லாவிட்டாலும் குடிக்க வேண்டும். வயதாக ஆகத் தாக உணர்ச்சி மந்தப்பட்டுவிடுவதால், தாகத்தை நம்பிக்கொண்டிருக்க முதியவர்களால் இயலாது.

இனி வயிற்றுக்கு வருவோம். பிரயாணிகளைப் பீடிக்கும் பேதிக்குப் பெரும்பாலும் காரணமாவது ஈ-கோலி என்னும் கிருமியின் ஒரு வகை. அசுத்தமான நீர், கை, பனிக்கட்டி ஆகியவற்றின் வழியே வந்து, மூன்று முதல் ஐந்து நாட்களில் தானாகவே அடங்கிவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிற ஜாக்கிரதை உள்ளவர்களும், தெருவோரத்தில் கரும்புச்சாற்றில் போடும் பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யோசிப்பதில்லை. பூரியில் ஆனந்த பஜாரில் மண்பாண்டத்தோடு கொண்டுவந்து பரிமாறும் மகாபிரசாதம் ஆவி பறக்க இருக்கும்போது சாப்பிட்டால் அதைப்போல் நல்ல ஆகாரம் இல்லை; அதையே மறுநாள் ரயிலுக்கென்று கட்டி எடுத்துவருவதில்தான் அபாயம். சோறு புழுக்கத்தில் பல மணி நேரம் கிடந்தால் அதில் ஒருவகைக் கிருமி பெருகி விஷத்தைச் சுரக்கிறது. மறுபடி சூடு செய்தாலும் அந்த விஷம் அழிவதில்லை. புளியும் நல்லெண்ணெயும் தூக்கலாகச் சேர்த்துப் புளியோதரை கட்டிக்கொண்டு போன நம் பாட்டிமார், புளிப்பில் கிருமிகள் எளிதில் வளரா என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

பூரி யாத்திரைக்கும் வயிற்று நோய்க்கும் உள்ள சம்பந்தம் மிகப் பழையது, மிகவும் துக்ககரமானது. ரயில் வராத காலத்தில், மழை பிடித்துக்கொள்ளும் பருவத்தில், நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்த ஏழை ஜனங்கள், மூச்சுவிட இடமில்லாத சத்திர அறைகளில் அடைந்து கிடந்து, குளிப்பதும் குடிப்பதும் ஒரே குளத்தில் என்று இருந்து, வாந்திபேதியால் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். திரும்பும் வழியிலும் சாலையோரங்களில் விழுந்து கிடந்தவர்களைப் பற்றி அக்காலத்து அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1884இல், கல்கத்தாவுக்கு வந்திருந்த ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய வைத்தியர், அவ்வூர்க் குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். கிருமி தெரிந்துவிட்ட பிறகும் எளிய வைத்தியம் தெரிவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வைத்தியமும் இதே வங்காளத்திலிருந்துதான் உலகத்துக்குக் கிடைத்தது என்பதை எண்ணும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

1953இல் கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்னும் வைத்தியர், காலரா நோயாளிகளுக்கு நரம்பில் ஊசி குத்தாமல், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்தியதை லண்டன் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. குடல் நோயுற்றிருக்கும்போது வெறும் உப்புநீரை அது ஏற்பதில்லை, குளுக்கோஸ் உடன் இருந்தால் அதன் துணையோடு உப்பும், உப்பின் பின்னே நீரும் இரத்தத்துக்குள் செல்கின்றன என்ற சூட்சுமம் 1960ஐ ஒட்டித்தான் விளங்கிற்று. 1968இல் டாக்காவில் இரண்டு அமெரிக்க வைத்தியர்கள் அதை நோயாளிகளிடம் பரீட்சித்து உறுதி செய்தார்கள். ஆயினும் ஆஸ்பத்திரிக்கு வெளியே, படிப்பறியாத உறவினர் கையில் அதை ஒப்படைக்கலாமா என்ற சந்தேகம் நீங்கவில்லை.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது 1971. கிழக்கு வங்காளத்திலிருந்து யுத்தத்துக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகள், எல்லைப்புற ஊரான பன்காவ்வில் வந்து குவிந்தார்கள். மழையும் புழுக்கமும் பசியும் சேர்ந்த அந்த இடத்தில் காலரா மூண்டது. திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர் அங்கே போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரியின் இரண்டு அறைகளும் நிரம்பி, நோயாளிகள் தரையிலே கிடந்தார்கள். அவர்களுக்குச் சலைன் ஏற்றுவதற்கு, கழிவின் நடுவே அவர் மண்டியிட வேண்டியிருந்தது. சலைன் புட்டிகள் தீர்ந்துகொண்டே வந்தன. அப்போது அவர், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் கல்கத்தாவில் நிறுத்துப் பொட்டலம் கட்டச் செய்தார். பிளாஸ்டிக் உறைகளின் வாயை இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டி ஒட்டினார்கள். பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்த நீரை, தாய்மாரும் சகோதரரும் குவளைகளில் பிடித்துப் போய்த் தம்மவர்களுக்கு ஓயாமல் புகட்டினார்கள். அத்தகைய முகாம்களில் நூற்றுக்கு முப்பதை எட்டியிருந்த மரணம், அவர் பொறுப்பில் இருந்தவர்களிடையே நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. 2022இல் அவர் காலமான பிறகு, அடுத்த ஆண்டு, நம் அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அளித்தது. இன்று எந்த மருந்துக் கடையிலும் சொற்ப விலைக்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வம்சத்தில் வந்ததே.

பேதி தொடங்கியதும் முதல் வேலையாக இந்தக் கரைசலைக் கொடுக்க வேண்டும். உடம்பு வற்றிய பின் அன்று. பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு உரியது. அதை ஒரு தம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்துவிடுகிற தவற்றைப் பல குடும்பங்களில் காண்கிறேன். அளவுக்கு மிஞ்சிய உப்பும் இனிப்பும் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். முழுப் பொட்டலத்தையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைத்து, வாந்தி இருந்தால் ஒவ்வொரு கரண்டியாக, இல்லையேல் மடக்கு மடக்காகக் கொடுத்து, 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை ஒட்டிக்கொண்டு பெட்டிகளில் விற்றுவந்த இனிப்புப் பானங்கள் பல தாய்மாரை ஏமாற்றின. 2025 அக்டோபரில் அந்தப் பெயரை அவற்றில் அச்சிடக் கூடாதென்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது நல்ல காரியம். இளநீர் உத்தமமான பானம், ஆனால் அதில் பொட்டாசியமே மிகுதி, சாதாரண உப்புச் சத்துக் குறைவு; மிகவும் வியர்த்தவருக்கு உப்புப் போட்ட நீர்மோரே மேல், அதுவும் சுத்தமான நீரில் கடைந்ததாக இருந்தால். உப்பில்லாத வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்துக்கொண்டு நாள் முழுவதும் வியர்ப்பதும் இரத்தத்தில் உப்பைக் குறைத்துத் தலைக்கிறுகிறுப்பில் முடியலாம். மலத்தில் இரத்தம் கண்டாலும், கடும் ஜுரம் சேர்ந்தாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் கைவைத்தியத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஈர உடையோடு பகலெல்லாம் இருப்பதால் வரும் படர்தாமரைக்கும் தொடையிடுக்குப் புண்ணுக்கும், மாற்றுத் துணியும் தளர்ந்த பருத்தி ஆடையுமே தடுப்பு. மழைநீர் தேங்கிய தெருவில் கால்புண்ணோடு வெறுங்காலில் நடப்பது எலிக்காய்ச்சலுக்கு இடம் கொடுக்கும்.

கடைசியாக, வீடு திரும்பிய பிறகு வரும் ஜுரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெங்குவைத் தரும் கொசு பகலில் கடிப்பது. கடித்து நான்கு முதல் பத்து நாட்கள் கழித்தே ஜுரம் தலைகாட்டும். மலேரியா இன்னும் தாமதித்து, சில வேளை மாதங்கள் கழித்தும் வரும். ஒடிசாவின் மலைக்காட்டுப் பகுதிகளுக்குச் சென்று வந்தவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். கங்கைத் தீர்த்தச் செம்பைப் பூஜை அறையில் வைத்து, உறவினருக்கெல்லாம் பிரசாதம் கொடுத்து முடித்துவிட்ட பிறகு வரும் காய்ச்சலை யாரும் யாத்திரையோடு சேர்த்து எண்ணுவதில்லை. மருத்துவரும், சொன்னாலொழிய, அதை ஊகிக்க முடியாது. ஆகவே எந்த ஜுரமானாலும், எந்தெந்த ஊருக்குப் போனோம், எந்தத் தேதியில் திரும்பினோம் என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முடிவு தெரியும்வரை உடம்புவலிக்கென்று ஆஸ்பிரினோ இபுபுரூபனோ சாப்பிடலாகாது. டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைத் தூண்டும். டெங்குவில் ஜுரம் விட்ட அந்த இரண்டொரு நாட்களே அபாயமானவை. அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறுகளில் இரத்தம் இவற்றில் ஒன்று தோன்றினாலும், நடுநிசியானாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும்.